தாடைக்கு ஒரு சங்க இலக்கியம்

'சொல்முரசு' மாவேந்தனின் கீழ்வரிசைப் பல்செட் கரூரில் பறந்தது. பறந்தது என்பது அவர் மேடையில் கையாளும் உயர்வு நவிற்சி அல்ல, உள்ளபடியே பறந்தது. தென்னை வளர்ப்போர் விழாவில், "பெருமைக்குரிய பேரவைத் தலைவர் அவர்களே!" என்று அவர் முழங்கியபோது, 'ளே'யின் உச்சியிலிருந்து கிளம்பி, மைக்கைத் தாண்டி, முன்வரிசையில் ஒரு முன்னாள் அமைச்சருக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையின் மடிப்பில் போய் உட்கார்ந்தது. அமைச்சர் அதை நினைவுப் பரிசு என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றோடு மாவேந்தன் பல்செட்டைத் தலைமுழுகினார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் மாசிலாமணி. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஒரு சுழற்கோப்பை வாங்கியதும் மாவேந்தன் ஆனார். கல்யாணமானதும் மனைவி பங்கஜத்தைத் தாமரைச்செல்வி ஆக்கினார். அழைப்பிதழ்களில் மட்டும் அந்தப் பெயர் பூத்துக் குலுங்கியது. வீட்டில் பங்கஜம் பங்கஜமாகவே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் மேடைக் குரல் வீட்டிலும் ஓயவில்லை. "இல்லத்தரசி அவர்களே! காபி எனும் கருநிற அமுதம் எங்கே?" என்று அவர் கேட்டால், திருச்சி காவிரிக்கரை அடுக்ககத்தின் மொத்தக் குடியிருப்புக்கும் அவர் வீட்டில் காபி தாமதம் என்று தெரிந்துவிடும்.

எந்திரம் எழுதிய உரையை எந்திரமே வாசித்து, கைதட்டலையும் எந்திரமே போட்டுக்கொள்கிற காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், எச்சில் தெறிக்கப் பேசுகிற நிஜத் தொண்டைக்குத் தனி மவுசு இருந்தது. அந்தத் தொண்டைக்குப் பல் வேண்டும். அதனால்தான் மாவேந்தன் மனைவியோடு தில்லைநகரில் இருந்த ஒரு பல் ஆராய்ச்சி மையத்துக்குப் போனார்.

அங்கே டாக்டர் ரெஹானா அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தார். வேறு யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

"தாடை எலும்பு நல்லாத் தேய்ஞ்சிருக்குங்க ஐயா. சாதாரண இம்பிளான்ட் நிக்காது. நாங்க சோதிச்சுக்கிட்டிருக்கற புதுப் பூச்சு ஒண்ணு இருக்கு. சம்மதம்னா அதைப் போட்டுப் பாக்கலாம்."

"பூச்சு எனில்? சுண்ணாம்புப் பூச்சா, சந்தனப் பூச்சா?"

"கிட்டத்தட்ட சிபாரிசுப் பூச்சு." ரெஹானா சிரித்தார். "பல்லுக்கு வேர் மாதிரி டைட்டானியத்துல ஒரு திருகு வைப்போம். எலும்பு கட்டற செல்லுங்க இருக்கே, அதுங்க நம்ம ஊர்க்காரங்க மாதிரி. புதுசா ஒருத்தன் வந்தா உடனே ஒட்டாது. யாரு, எந்த ஊரு, யார் சொல்லி வந்தேன்னு சுத்திச் சுத்திப் பாக்கும். இந்தப் பூச்சுதான் திருகுக்காகப் பேசும்."

"பூச்சு பேசுமா?"

"நீங்க பேசினா அது பேசும். உங்க குரல்ல தாடை அதிருதில்ல? அந்த அதிர்வைத் துளித்துளியா மின்சாரமா மாத்தும். அந்தத் துடிப்பு பிடிச்சிருந்தா செல்லுங்க வந்து உக்காரும், எலும்பு கட்டும். பிடிக்கலேன்னா எழுந்து போயிரும்."

மாவேந்தன் கண்களை மூடினார். நெற்றியில் ஒரு பெருமிதம் ஏறியது.

"அதாவது டாக்டர் அம்மையீர், என் தாடைக்குள் ஒரு பொதுக்கூட்டம்."

"அப்படியும் சொல்லலாம்."

"நான் பேசப் பேசக் கூட்டம் சேரும்."

"சேரணும்," என்றார் ரெஹானா, விஞ்ஞானிகளுக்கே உரிய கஞ்சத்தனத்தோடு.

"லாரி அனுப்ப வேண்டாம், பிரியாணி போட வேண்டாம். அந்த மட்டுக்கும் மிச்சம்," என்றாள் பங்கஜம்.

திருகுகள் ஏறின. மேலே தற்காலிகப் பற்கள் ஏறின. சட்டைப் பையில் குத்திக்கொள்ளச் சின்னதாக ஒரு விளக்குப் பொத்தானும் கொடுத்தார் ரெஹானா. திருகுகளில் நடப்பதை அது படித்துச் சொல்லும். அதிர்வு செல்களுக்குப் பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. மயக்கம் தெளிகிற நேரத்தில் சொன்ன இந்தச் செய்தியில் நிறங்கள் மட்டும் மாவேந்தன் நினைவில் நின்றன. எது எதற்கு என்பது நிற்கவில்லை. அதற்காக அவர் அலட்டிக்கொள்ளவில்லை. செந்தமிழ், செம்மொழி, செம்மல், செம்மாந்த நடை. சிவப்பு எங்கே கெட்டதாக இருக்க முடியும்?

அதனால் அவர் தன் செல்களுக்காகவே பேசினார். காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். பொத்தான் தீபாவளி மத்தாப்பு மாதிரி செக்கச்செவேலென்று எரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து இன்னும் முழங்கினார்.

அடுத்த பரிசோதனையில் ரெஹானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டம் எப்படி?" என்றார் மாவேந்தன்.

"ஐயா, திருகு ஆடுது."

"ஆடுகிறதா? மகிழ்ச்சியிலா?"

"செல்லுங்க வருது. இல்லேன்னு சொல்லலை. காலைல பாத்தா வந்து ஒட்டியிருக்கு. சாயங்காலம் நீங்க மேடையேறினதும் எழுந்து போயிருது." அவர் திரையில் கூர்கூராக நின்ற கோடுகளைத் தொட்டுக் காட்டினார். "இந்த உச்சியெல்லாம் என்னன்னு எனக்குப் புரியலை. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஆரம்பத்துல வரிசையா வருது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கும்பல் எழுந்து போகுது."

பங்கஜம் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. கணவரைப் படிக்கத் தெரியும்.

"அது 'அவர்களே' டாக்டர்."

"என்னதும்மா?"

"தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, பந்தல் போட்டவர் அவர்களே… அந்த 'அவர்களே'."

மேடை வாழ்க்கையில் எழுந்து போனவர்களை மாவேந்தன் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் கற்பித்து மன்னித்தும் இருக்கிறார். குழந்தை அழுதிருக்கும், கடைசிப் பஸ் போய்விடும். ஆனால் எலும்பு செல்லுக்கு ஏது கடைசிப் பஸ்? இவை அவருடைய தாடையிலேயே பிறந்தவை, அவர் சாப்பிட்டதைச் சாப்பிட்டு வளர்ந்தவை. சொந்தச் சதைக்கும் எலும்புக்கும்கூடத் தன் பேச்சு சலித்துவிட்டதா?

"இந்தத் திருகு கழண்டா இன்னொரு தடவை வைக்க எலும்பு கிடையாதுங்க ஐயா," என்றார் ரெஹானா. "பல்லும் நிக்காது, பல்செட்டும் நிக்காது. அப்புறம் நீங்க 'தமிழ்'னு சொன்னா 'ஹமிழ்'னுதான் கேக்கும். நான் சொல்ற வரைக்கும் மேடை வேண்டாம். அதுக்காக வாயை மூடிட்டும் இருந்துராதீங்க. கூட்டமே போடலேன்னா செல் எதுக்கு வரும்? தாழ்ந்த குரல்ல, நிதானமா, நாலு வார்த்தை பேசிக்கிட்டே இருக்கணும். பொத்தான் பச்சையா எரியணும்."

தாழ்ந்த குரலில் என்ன பேசுவது? மாவேந்தனிடம் அந்தக் குரலுக்கு உண்டான சரக்கே இல்லை. வானிலை அறிக்கையை வாசித்துப் பார்த்தார். "வங்கக் கடலில்" என்ற இடத்திலேயே குரல் தானாக ஏறிப் பொத்தான் சிவந்தது. சுவரைப் பார்த்து முணுமுணுத்தார், பால்காரர் பங்கஜத்தைத் தனியே கூப்பிட்டு, "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் பால்கனியில் பங்கஜம் காபி ஆற்றிக்கொண்டே, கேட்பார் இருக்கிறாரா என்று பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய நெடுநாள் பழக்கம்.

"…லிஃப்ட்டுல ஒரு வயர் மாத்தினதுக்கு, நம்ம சங்கச் செயலாளர் ராமபத்திரன் கல்வெட்டு வைக்கப் போறாராம். மார்பிள்ல. மேல அவர் படம் வேற."

"படமா?" என்றார் மாவேந்தன்.

"படம்தான். அதுவும் இப்ப எடுத்ததில்லையாம். தலையில முடி இருந்தப்ப எடுத்தது."

மாவேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. மேடைச் சிரிப்பு இல்லை. மூக்கு வழியாக வருகிற, கௌரவம் பார்க்காத சிரிப்பு. நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"அப்புறம்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பங்கஜத்திடம் கேட்ட முதல் 'அப்புறம்' அது. ஆற்றிக்கொண்டிருந்த காபி கொஞ்சம் கீழே சிந்தியது. அவர் சட்டைப் பையில் பச்சை எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சாயங்காலம் என்றால் பால்கனிதான். இரண்டாவது மாடியில் நாய்க்கு வளைகாப்பு நடந்ததைப் பங்கஜம் சொன்னாள். போட்டிப் பேச்சாளர் 'நாவேழம்' அதியன் மழையில் பேசியபோது தலைச்சாயம் கரைந்து வெள்ளைச் சட்டையில் காவிரி டெல்டா வரைந்ததை அவர் சொன்னார்.

"ஐயையோ, அப்புறம் என்னங்க பண்ணார்?"

"என்ன பண்ணுவான்? 'தியாகத்தின் கறை'ன்னு சொல்லிட்டான். ஜனங்க கைதட்டிட்டாங்க."

பேசியது சொல்முரசு அல்ல. மாவேந்தனுக்கே அது யாருடைய குரல் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு ஞாபகம் வந்தது: சுழற்கோப்பைக்கு முந்தைய மாசிலாமணியின் குரல்.

அடுத்த பரிசோதனையில் ரெஹானா திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எலும்பு கட்டுதுங்க! சாயங்காலம் சாயங்காலம் கும்பல் கும்பலா வந்து உக்காருது. ஒண்ணுகூட எழுந்து போகலை. அந்த நேரத்துல நீங்க என்ன பண்றீங்க?"

வம்பு பேசுகிறோம் என்று ஒரு சொல்முரசு எப்படிச் சொல்வது? மாவேந்தன் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார்.

"நானும் இல்லத்தரசியும் சங்க இலக்கியம் பேசுவோம்."

பங்கஜம் மின்விசிறியைப் பார்த்தாள். ரெஹானா மளமளவென்று குறித்துக்கொண்டார்.

அதற்கடுத்த தடவை போனபோது ரெஹானாவின் முகம் வாடியிருந்தது. "ஒண்ணும் புரியலைங்க ஐயா. மத்த நோயாளிங்களுக்கும் சங்க இலக்கியம் எழுதிக் குடுத்தேன். காலைல ஒரு பாட்டு, ராத்திரி ஒரு பாட்டு, மெதுவாப் படிங்கன்னு. ஒரு பேங்க் மேனேஜர் பாதியிலேயே தூங்கிட்டார். அவர் செல்லுங்களும் தூங்கிருச்சு. ஒருத்தருக்குக்கூட எலும்பு கட்டலை. உங்களுக்கு மட்டும் எப்படி?"

பங்கஜத்தால் அதற்கு மேல் மின்விசிறியைப் பார்க்க முடியவில்லை.

"அவர் பொய் சொல்லலை டாக்டர். சங்க இலக்கியம்தான். எங்க சங்கம், 'காவிரிக்கரை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்'."

ரெஹானாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. வம்பு பேசறப்ப குரல் தானா இறங்கும். ஒரு சீரா வரும். நடுநடுவுல சிரிப்பு ஒரு குலுக்குக் குலுக்கும். மறுபடி சீரா வரும். மாவு சலிக்கற மாதிரி. அதாங்க! செல்லுக்கு வேண்டியது அதான்!"

கட்டுரையில் வம்பு என்று எழுத முடியாது என்பதால் 'தாழ்குரல் உறவாடல்' என்று எழுதினார். பெயருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால்தான் விஞ்ஞானமும் உள்ளே விடும். மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகளை நேருக்கு நேராகத் திருப்பிப் போட்டார்கள். பலருக்கு எலும்பு பிடித்தது. யாரைப் பற்றியும் தான் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு முன்னாள் தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ரெஹானாவை உறுத்தியது வேறு சிலர். அவர்களுக்குப் பேசத் தெரியும். பேச ஆள் இல்லை. வீட்டில் தனியாக இருந்தார்கள். பூச்சு எவ்வளவு உசத்தியாக இருந்தும் அவர்கள் திருகு ஆடியது. அவர்களுக்காக மையமே சாயங்காலங்களில் ஒரு பெரிய கேனில் டீ போட்டு வைத்தது.

பொங்கல் கழிந்து மொரீசியஸிலிருந்து அழைப்பு வந்தது. உலக மேடைத்தமிழ் மாநாடு, தலைமையுரை மாவேந்தன். வாழ்நாள் முழுக்க அவர் எதிர்பார்த்திருந்த மேடை அது. கூடவே கடலும் உண்டு. தம்பதியாக ரெஹானாவிடம் ஓடினார்கள்.

ரெஹானா பங்கஜத்தைப் பார்த்தார். பங்கஜம் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இன்னும் முழுசாப் பிடிக்கலைங்க ஐயா," என்றார் ரெஹானா.

போனது நாவேழம். விமான நிலையத்திலிருந்து மாலையும் கழுத்துமாகப் படம் அனுப்பி, 'அண்ணன் வாயார வாழ்த்த வேண்டும்' என்று கீழே எழுதியிருந்தான். வாய் என்ற சொல்லில் அழுத்தம் இருந்ததாக மாவேந்தனுக்குப் பட்டது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அன்று செல்களுக்குக் கூட்டம் ரத்து.

மறுநாள் சாயங்காலம் பங்கஜம் வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு கதவைத் தள்ளினாள். "விஷயம் தெரியுமா? மாநாட்டுல நாவேழம் ரொம்ப நேரம் முழங்கினாராம். மொழிபெயர்க்கற எந்திரம் வெளிநாட்டுக்காரங்க காதுல ஒரே ஒரு வரிதான் சொல்லிச்சாம். 'அனைவருக்கும் வணக்கம்'. மீதியெல்லாம் அதே அர்த்தம்தான்னு விட்டுருச்சாம்."

மாவேந்தன் பஜ்ஜியைக் கடித்தார். கொஞ்ச நேரம் விறைப்பாகவே மென்றார். பிறகு கேட்டார்: "அப்புறம்?"

கோடை வந்தது. மறுபடி பரிசோதனை. அன்று ராமபத்திரனின் லிஃப்ட் திறப்பு விழா. குத்துவிளக்குக்குத் திரி போடப் பங்கஜம் தேவைப்பட்டாள். மாவேந்தன் தனியாகப் போனார். ரெஹானா வேறு அறையில் இருந்ததால், புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் ஜெரால்டு படத்தைப் பார்த்தார்.

"சார், எதுக்கு வந்தீங்க? வலிக்குதா?"

"எலும்பு பிடித்துவிட்டதா என்று பார்க்க."

"இது எப்பவோ பிடிச்சிருச்சே! பொங்கலுக்கு முன்னாடி எடுத்த படத்துலயே கல்லு மாதிரி இருக்கு. எதை வேணாலும் கடிக்கலாம்."

"பேசலாமா?"

"பேசலாமாவா? கத்தலாம் சார். செல்லுதான் எழுந்து போகும். எலும்பாயிட்டா அது எங்க போகும்?"

கையில் டீயோடு உள்ளே வந்த ரெஹானா வாசலிலேயே நின்றுவிட்டார். மாவேந்தன் எழுந்தார். மார்பை நிமிர்த்தினார். நெடுநாளாகப் பூட்டி வைத்திருந்த இடியைத் திறந்து, "டாக்டர் ரெஹானா அவர்களே!" என்றார். வந்தது இடி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கிற குரல்தான் வந்தது.

ரெஹானா டீயைக் கீழே வைத்தார்.

"தப்புதாங்க ஐயா. மாநாட்டு அழைப்பு வந்தப்பவே பங்கஜம்மா தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'இவர் இப்பத்தான் என்கிட்ட பேசவே ஆரம்பிச்சிருக்கார், மைக் கிடைச்சா போயிருவார்'னாங்க. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. எனக்கும் உங்க வரைபடம் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும்னு ஆசை இருந்துச்சு."

"மாநாடு போச்சே டாக்டர்."

"ஆமாங்க ஐயா. அதைத் திருப்பிக் குடுக்க என்கிட்ட ஒரு பூச்சும் கிடையாது. நீங்க மேலிடத்துல சொன்னா நான் மறுக்க மாட்டேன்."

மாவேந்தன் சட்டையிலிருந்து பொத்தானைக் கழற்றி, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு தடவை முயன்று பார்த்தார். அடிவயிற்றிலிருந்து இழுத்து, "வையகம் வியக்கும் வண்டமிழ்ச் சான்றோர் அவர்களேஏஏ!" என்றார். இந்த முறை வந்தது. முரசே வந்தது. பல் இம்மிகூட அசையவில்லை. ஆட்டோதான் கதிகலங்கி ஓரங்கட்டியது.

"பயணி ஆபத்தில் இருப்பதாகத் தெரிகிறது. காவல் நிலையத்துக்குச் செல்லலாமா?"

"வீட்டுக்கே போ," என்றார் மாவேந்தன்.

வழி முழுக்க மனத்துக்குள் உரை தயாரானது. 'வாழ்க்கைத் துணை என்று வந்து வஞ்சம் விளைத்த வனிதை அவர்களே! மொரீசியஸ் மேடையை மோசடியால் முடக்கிய…' நல்ல அடுக்கு. அடுக்ககத்து வாசலில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. கதவில் அறுபட்ட ரிப்பன் தொங்கியது. நான்காவது மாடிக்குப் படியேறினார். முதல் மாடியில் 'வனிதை' கழன்றது. அடுத்த மாடியில் 'வஞ்சம்' இளைத்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது 'அவர்களே' மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

பால்கனியில் இரண்டு டம்ளர் காபி இருந்தது. பங்கஜத்தின் முகம் செய்தியால் நிரம்பி வழிந்தது.

"வந்துட்டீங்களா! லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள யாரு தெரியுமா? ராமபத்திரன். ரிப்பனை வெட்டிட்டு மொத ஆளா ஏறினார், ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுருச்சு. கையில கத்திரிக்கோல் வேற." சட்டென்று நிறுத்தினாள். டம்ளரைத் துடைத்தாள், அது ஏற்கெனவே துடைத்த டம்ளர். "அது கிடக்கட்டும். டாக்டர் என்ன சொன்னாங்க?"

முழக்கம் தொண்டையில் தயாராக இருந்தது. எழுந்து போக முடியாத எலும்பு, அசையாத பல், சண்டைக்குத் தேவையான எல்லாமே அவரிடம் இருந்தது. பங்கஜம் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ஆறு மாசம் ஆகுமாம்," என்றார். "செல்லுங்க அவ்வளவு லேசுல நம்பாதாம்."

குரல் ஏறவில்லை, பிசகவில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம். பழக்க தோஷத்தில் பச்சையா சிவப்பா என்று பார்க்கச் சட்டைப் பையைத் தொட்டார். பை வெறுமையாக இருந்தது. பொத்தான் டீ டம்ளருக்குப் பக்கத்தில் அல்லவா கிடக்கிறது!

நிமிர்ந்தார். பங்கஜமும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது.

கீழே லிஃப்ட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பங்கஜம் அவர் காபியை அவர் பக்கம் நகர்த்தினாள். தன் நாற்காலியையும் நகர்த்தினாள்.

"கத்திரிக்கோலோடவா?" என்றார் மாசிலாமணி. "அப்புறம்?"